ஒரு திடீர் மரணத்துக்குப் பின் யாரைச் சோதிக்க வேண்டும்?

கபடிக் களத்தில் பாடிக்கொண்டே போனவர் சுருண்டு விழுகிறார். உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கியவர் அப்படியே சரிகிறார். கல்யாண வீட்டில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர் எழுந்திருக்கவே இல்லை. கொரோனாவுக்குப் பிறகு இப்படிப்பட்ட காணொளிகள் கைபேசிக்குக் கைபேசி தாவியபோது பழி முழுவதும் தடுப்பூசியின் தலையில் விழுந்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, சென்னையில் இயங்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நாடெங்கும் 47 மருத்துவமனைகளின் வழியே ஓர் ஆய்வு நடத்தியது. 18 முதல் 45 வயதுக்குள், வெளிப்படையான காரணம் ஏதுமின்றித் திடீரென்று இறந்த 729 பேரை, உயிரோடு இருக்கும் 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். 2023இல் முடிவு வெளியானது. தடுப்பூசி திடீர் மரணத்தின் ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை வேறு: கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்தது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாட்களில் மிதமிஞ்சிக் குடித்தது, கடும் உடலுழைப்பு, குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் திடீரென்று இறந்திருப்பது. இந்தக் கடைசிக் காரணம் ஆபத்தை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்கியது. தடுப்பூசி பற்றிய வரி தலைப்புச் செய்தியானது. அன்றைக்கு அது தேவையாகவும் இருந்தது. குடும்பம் பற்றிய வரியோ கவனிப்பாரின்றிக் கிடக்கிறது.

குடும்பத்தில் இரண்டு திடீர் மரணங்கள் நடந்தாலே மரபணுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே வீட்டில் ஒரே சமையல், ஒரே புகைப்பழக்கம், ஒரே சர்க்கரை நோய் இருக்கும். நம் நாட்டில் இளவயதில் நேரும் இதய மரணங்களில் பெரும்பகுதி ரத்தக்குழாய் அடைப்பினால் வருவதுதான். ஆனால் குழாயில் அடைப்பே இல்லாமல், இதயத்தின் தசையிலேயே பிறவிக் கோளாறு இருந்து நேரும் மரணங்களும் உண்டு. அவற்றில் அதிகம் காணப்படுவது இதயத் தசைத் தடிப்பு நோய். மருத்துவர்கள் ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி என்பார்கள். ரத்தக் கொதிப்பு போன்ற வேறு காரணம் எதுவும் இல்லாமலே இதயச் சுவர் 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்துப்போகும். தசை நார்கள் வரிசை குலைந்து கிடக்கும். அந்தக் குலைவின் ஊடே மின்துடிப்பு தடம் மாறினால் ஒரு நொடியில் உயிர் போய்விடும். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் நோய்க்கூறியலாளர் டொனால்ட் டியர் 1958இல் எட்டு இளைஞர்களின் இதயங்களை விவரித்து எழுதியபோதுதான் மருத்துவ உலகம் இந்த நோயைத் தெளிவாகக் கண்டது. பிரேதப் பரிசோதனை மேசையில் கிடைத்த அறிவு அது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அவரும் சக மருத்துவர்களும் இந்த நோய் ஒரே குடும்பத்தில் தொடர்ந்து வருவதைப் பற்றி எழுதிவிட்டார்கள். இதயத் தசையின் மயோசின் புரதத்தை உருவாக்கும் மரபணுவில் உள்ள பிழைதான் காரணம் என்று முதன்முதலாக ஒரு குடும்பத்தில் நிறுவப்பட்டது 1990இல். பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பிழை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆணா பெண்ணா, மூத்ததா இளையதா என்ற பேதம் அதில் இல்லை.

சாவிலிருந்து குடும்பத்துக்குப் போகும் இந்த வழியை டியரும் அவரது சகாக்களும் இரண்டே ஆண்டுகளில் கடந்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் கடக்கவில்லை. இருபத்தாறு வயதில் ஒருவர் திடீரென்று இறந்தால் நம் ஊரில் என்ன நடக்கிறது? வீட்டில் இறந்திருந்தால் பெரும்பாலும் எதுவுமே நடப்பதில்லை. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடும். பொது இடத்தில் இறந்திருந்தால் காவல் துறை சந்தேக மரணம் என்று வழக்குப் பதியும், அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை நடக்கும். அங்கே தேடப்படுவது குற்றம். அடிபட்டாரா, விஷம் உள்ளே போனதா என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைத்து, குற்றம் இல்லை என்று தெரிந்தால் கோப்பு மூடப்படும். ‘மாரடைப்பு’ என்ற ஒற்றைச் சொல் அந்தக் குடும்பத்தின் கையில் கொடுக்கப்படும். குழாய் அடைப்பையும் தசைத் தடிப்பையும் மின்துடிப்புக் கோளாறையும் ஒன்றாகப் போட்டு மூடிவிடும் சொல் அது. பிறகு குடும்பம் தன் போக்கில் காரணம் தேடும்: குலதெய்வக் குற்றம், செய்வினை, தடுப்பூசி, புரோட்டீன் பவுடர். இறந்தவரின் தம்பி பள்ளிக்கூடக் கால்பந்து அணியில் ஆடிக்கொண்டே இருப்பான். அவனுடைய இதயத்தை ஒருமுறை எக்கோ எடுத்துப் பாருங்கள் என்று சொல்லும் கடமை இன்றைய நடைமுறையில் யாருக்கும் கிடையாது. உள்நோக்கம் இல்லாமல் நடக்கும் இந்தப் புறக்கணிப்பு இன்னோர் உயிரையும் எடுக்கக்கூடியது. அதனால்தான் இதைப் பற்றிக் கோபப்பட வேண்டியிருக்கிறது.

இதயத் தசைத் தடிப்பு நோய் கண்டுபிடிக்கப்பட்ட, அல்லது இதனால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படும் ஒவ்வொருவரின் ரத்த உறவுகளையும் தேடிப்போய்ச் சோதிப்பதை அரசு தன் செலவில் செய்ய வேண்டும் என்பது என் வாதம். வழி எளிது. முதலில் நோயுள்ளவரின் ரத்தத்தில் இதயத் தசை சார்ந்த மரபணுக்களின் தொகுப்பு முழுவதும் படிக்கப்படும். செலவு பிடிக்கும் படி இது ஒன்றுதான். நோய் உறுதியானவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குச் சற்று மேல் வரையிலானவர்களுக்கு இதில் தெளிவான விடை கிடைக்கும். கிடைக்கும் பிழைகளில் பெரும்பாலானவை MYH7, MYBPC3 என்று குறிக்கப்படும் இரண்டே மரபணுக்களில் இருக்கும். விடை கிடைத்துவிட்டால், அதன் பிறகு அண்ணன், தங்கை, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரிடம் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். புத்தகம் முழுவதையும் படிக்கத் தேவையில்லை, எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று தெரிந்துவிட்டது. பிழை இல்லாத உறவினர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அவருடைய பிள்ளைகளுக்கும் இந்தப் பிழை அவர் வழியாக வராது. பிழை இருப்பவர் சிறுவராக இருந்தால் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரியவர் என்றால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஈசிஜியும் எக்கோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் நோயாளியிடம் பிழை எதுவும் அகப்படவில்லை என்றால் குடும்பத்துக்கு ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் குடும்பத்தில் எல்லோருக்குமே எக்கோ தொடர வேண்டியதுதான். செலவைக் காட்டி இதை மறுப்பவர்கள் கணக்கை மறுபக்கத்திலிருந்தும் போட்டுப் பார்க்கட்டும். ஐந்து பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டில் மூவருக்குப் பிழை இல்லை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அந்த மூவருக்கும் வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டியிருந்த எக்கோக்களும், அவற்றுக்காகப் பேருந்து ஏறி நகரத்துக்கு வந்துபோகும் கூலியிழந்த நாட்களும் மிச்சம்.

தெரிந்து என்ன ஆகப்போகிறது, குணப்படுத்த வழியில்லையே என்ற கேள்வி நியாயமானதுதான். மரபணுவின் பிழையைத் திருத்தும் சிகிச்சை இன்று நடைமுறையில் இல்லை. ஆனால் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. ஆபத்து மிகுந்தவர்களின் உடலில் ஐசிடி கருவியைப் பொருத்தலாம். துடிப்பு தடம் மாறும் நொடியில் அது மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டுவிடும். மூச்சுத் திணறலும் நெஞ்சுவலியும் இருப்பவர்களுக்கு மாத்திரைகள் உண்டு. ரத்தம் வெளியேறும் பாதையைத் தடித்த தசை அடைத்தால் அதை அறுத்து நீக்கும் அறுவை சிகிச்சை உண்டு. உடலில் நீர்ச்சத்து வற்றவிடக் கூடாது, எந்தெந்த மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்ற சாதாரண அறிவுரைகளும் உயிர் காப்பவையே. நல்ல கண்காணிப்பில் இருப்பவர்களிடம் இந்த நோயினால் நேரும் மரணம் ஆண்டுக்கு இருநூறில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. பெரும்பாலானோர் முதுமை வரை வாழ்கிறார்கள். ஆக, இந்தச் சோதனையின் விடை மரணச் சீட்டு என்று அஞ்ச இடமில்லை. தவிர, தடித்த இதயம் எல்லாமே ஒரே நோயும் ஆகாது. ஃபேப்ரி நோய் என்ற வேறொரு பரம்பரைக் கோளாறும் எக்கோவில் இதேபோலத் தெரியும். அதற்கான சிகிச்சையே வேறு. மரபணுப் பரிசோதனைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

இவ்வளவு பயனுள்ள சோதனையை ஏன் எல்லோருக்குமே செய்துவிடக் கூடாது? தனியார் ஆய்வகங்கள் நலமாக இருப்பவர்களிடமும் மரபணுச் சோதனையை விற்கத் தொடங்கிவிட்ட காலம் இது. இங்கேதான் நாம் மிகவும் நிதானிக்க வேண்டும், அதற்கான பாடம் நம் ரத்தத்திலேயே இருக்கிறது. MYBPC3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் தெற்காசியர்களிடம் பரவலாக உண்டு. ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி உள்ளிட்ட குழு, 2009இல் இதைப் பற்றி ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் எழுதியது. இந்தியத் துணைக்கண்டத்தில் நூறில் நான்கு பேரிடம் இது இருக்கிறது, இருப்பவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் ஆபத்து ஏழு மடங்கு அதிகம் என்றது அந்த ஆய்வு. செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் நூறில் நான்கு என்பதைத் தமிழ்நாட்டின் ஏழரைக் கோடி மக்களோடு பெருக்கினால் முப்பது லட்சம் வருகிறது. இதயத் தசைத் தடிப்பு நோயோ, 1995இல் அமெரிக்க இளைஞர்களிடம் எக்கோ எடுத்துப் பார்த்த கணக்குப்படி, ஐந்நூறில் ஒருவருக்கு. அதே அளவு இங்கும் என்று கொண்டால் ஒன்றரை லட்சம் பேர். முப்பது லட்சத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் இடையில் அவ்வளவு பெரிய பள்ளம். பிறகு வந்த ஆய்வுகள் இதை விளக்கின. அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, இந்த 25 எழுத்து இழப்புள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் அதோடு கூடவே இன்னொரு மாற்றமும் ஒட்டிக்கொண்டு வருவதைக் காட்டியது. 2020இல் வெளியான இன்னோர் ஆய்வு, பழியின் பெரும்பகுதி இந்த இழப்போடு சேர்ந்து சிலரிடம் மட்டும் வரும் வேறோர் அரிய மாற்றத்துக்கே உரியது என்று வாதிட்டது. 2009ஆம் ஆண்டின் அறிவை மட்டும் நம்பி ஊரெல்லாம் ரத்தம் எடுத்திருந்தால், லட்சக்கணக்கான ஆரோக்கியமான மனிதர்களின் நெஞ்சில் தேவையில்லாத அச்சத்தை விதைத்திருப்போம்.

இதே தவறு வேறிடத்தில் நடந்தே விட்டது. அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகள் சிலரிடம் காணப்பட்ட மரபணு மாற்றங்கள் இதயத் தசைத் தடிப்பு நோய்க்குக் காரணம் என்று ஆய்வகங்கள் எழுதிக் கொடுத்தன. கறுப்பின மக்களிடம் இயல்பாகவே பரவிக் கிடக்கும், தீங்கற்ற மாற்றங்கள் அவை என்று 2016இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஹார்வர்ட் ஆய்வு நிறுவியது. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட ஆரோக்கியமானவர்களின் கூட்டத்தில் கறுப்பினத்தவர் கொஞ்சம் பேராவது இருந்திருந்தால் இந்தப் பிழைகளைத் தவிர்த்திருக்கலாம் என்றும் அது காட்டியது. நமக்கும் இதே ஆபத்து உண்டு. ஐரோப்பியர்களின் மரபணுத் தொகுப்பை அளவுகோலாக வைத்து ஒரு தமிழரின் ரத்தத்தைப் படித்தால், நமக்கு இயல்பான மாற்றம்கூட அரியதாகவும் ஐயத்துக்குரியதாகவும் தெரியும். 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதிகளைப் படித்த ஜீனோம்இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. நல்ல தொடக்கம். ஆனாலும் விடை தெளிவில்லாத அறிக்கைகள் இன்னும் பல ஆண்டுகளுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அப்படிப்பட்ட அறிக்கையை வைத்து உறவினர்களைச் சோதிக்கக் கூடாது, அந்த மாற்றம் நோய்க்குக் காரணமா இல்லையா என்பது உறுதியாகும்வரை எக்கோவை மட்டுமே நம்ப வேண்டும் என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. நோயாளியிடம் தொடங்கி உறவின் வழியே போவது ஏன் சரியான பாதை என்பதற்கும் இதுவே விளக்கம். நோய் வந்த உடலில் கிடைத்த மாற்றம், நோய் வந்த இன்னோர் உறவினரிடமும் இருந்து, நலமாக இருக்கும் மூத்தவர்களிடம் இல்லை என்றால், குடும்பமே அந்த அறிக்கைக்குச் சாட்சி சொல்கிறது. நலமாக இருக்கும் ஒருவரிடம் தனியே எடுத்த அறிக்கைக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது.

மருத்துவத்துக்கு வெளியே இருக்கும் ஓர் எதிர்ப்பு இதைவிடக் கடினமானது. பெண்ணுக்கு இதயத்தில் பரம்பரைப் பிழை என்று ஊருக்குத் தெரிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று ஒரு தாய் கேட்டால், அவரை அறியாமையில் பேசுகிறார் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் தன் சமூகத்தை நன்றாக அறிந்தே பேசுகிறார். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடப்பவை. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று ரத்தம் ரத்தத்தோடு சேரும்போது, இரண்டு பக்கமும் ஒரே பிழை இருந்து பிள்ளைக்கு இரண்டு பிரதிகளும் வந்துவிடும் வாய்ப்பு கூடுகிறது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு மிகச் சிறு வயதிலேயே கடுமையான இதய நோய் வரலாம். ஆகவே, கல்யாணத்துக்குத் தடை என்று அஞ்சி மறைக்கப்படும் அதே தகவல், சொந்தத்துக்குள் நடக்கும் கல்யாணத்தில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய தகவலாகவும் இருக்கிறது. இந்தச் சிக்கலுக்கு என்னிடம் முழு விடை இல்லை. மறைத்துக் காப்பதைவிட ரகசியமாகச் சொல்லிக் காப்பது மேல் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். அறிக்கை சோதிக்கப்பட்டவரின் கையில் மட்டுமே இருக்க வேண்டும். மாமியார் வீட்டுக்கோ, வேலை கொடுப்பவருக்கோ, பஞ்சாயத்துக்கோ அதில் உரிமை கிடையாது. இன்னொரு எச்சரிக்கையும் தேவை. தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் நாட்டில் ஒரு மரபணுப் பிழை ஒரு சமூகத்தில் கூடுதலாகத் தென்படத்தான் செய்யும். அந்தத் தகவல் ‘இந்தச் சாதிக்காரர்களுக்கு இதயம் பலவீனம்’ என்ற வசையாகத் திரிவதற்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். சாதிப் பெயரோடு இந்தத் தரவுகளை வெளியிடுவதைச் சட்டமே தடுக்க வேண்டும்.

சட்டம் என்று சொல்லும்போது ஒரு வழக்கைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 2018 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது இதே இதயத் தசைத் தடிப்பு நோய் கொண்ட ஒருவரின் விவகாரத்தில். மரபணு நோய்களுக்குப் பணம் தர முடியாது என்ற விதியைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் அவரது மருத்துவச் செலவை மறுத்திருந்தது. நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த மறுப்பை ஏற்கவில்லை. மரபணுக் கோளாறு என்ற பொத்தாம்பொதுவான விலக்கு பாகுபாடானது, அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவுக்கு முரணானது என்றார். இதய நோய், சர்க்கரை நோய் என எதை எடுத்தாலும் மரபணுவின் பங்கு இருக்கும்போது, இந்த ஒரு விலக்கைக் கொண்டு எந்த நோயாளியையும் வெளியே தள்ளிவிடலாம். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட நெறிமுறைகள் மருத்துவக் காப்பீட்டில் மரபணு நோய்களை ஒட்டுமொத்தமாக விலக்கிவைப்பதை அனுமதிக்கவில்லை. நல்லதே. ஆனால் நெறிமுறையை இன்னொரு சுற்றறிக்கை மாற்றிவிடலாம். அமெரிக்கா 2008இலேயே மருத்துவக் காப்பீட்டிலும் வேலைவாய்ப்பிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. ஆயுள் காப்பீட்டை விட்டுவிட்டது அதன் குறை. நம் நாடாளுமன்றம் அப்படி ஒரு தனிச் சட்டத்தை இயற்றவே இல்லை. நலமாக இருக்கும் ஒருவரைப் பார்த்து, உங்கள் அண்ணனுக்காகச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று அரசு அழைக்க வேண்டுமானால், அதனால் உங்களுக்குக் கேடு வராது என்ற உறுதியையும் அரசே கொடுக்க வேண்டும். சோதனையும் சட்டமும் ஒன்றாக வர வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருந்தால் இரண்டுமே வராது.

உறவினர்களை வீடு தேடிச் சோதிப்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் நெதர்லாந்தைப் பார்க்கலாம். பரம்பரையாக வரும் மிகைக் கொழுப்பு நோய்க்காக அங்கே 1994இல் தொடங்கிய திட்டத்தில், ஒரு நோயாளி கிடைத்ததும் களப்பணியாளர்கள் உறவினர்களின் வீட்டுக்கே போய், விளக்கிச் சொல்லி, ரத்தம் எடுத்துவந்தார்கள். இருபது ஆண்டுகளில் கால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டறியப்பட்டார்கள். கொழுப்பு நோய்க்கு மலிவான மாத்திரை இருக்கிறது, இதயத் தசை நோய் அத்தனை எளிதல்ல என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்குப் போகும் ஆள் என்பது இரண்டுக்கும் பொது, அந்த ஆள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வாசற்படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்தார்களா என்ற கேள்வியை அவர்களின் படிவத்தில் சேர்க்கச் செலவு எதுவும் இல்லை. ஆம் என்று பதில் வரும் வீட்டுக்கு ஓர் ஈசிஜி போதும் முதல் படியாக. இந்த நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதிலேயே ஏதோ ஒரு மாறுபாடு தெரிந்துவிடும். பிரேதப் பரிசோதனைக் கூடங்களில் விடை தெரியாத இளவயது மரணம் ஒவ்வொன்றிலும் சில மில்லி ரத்தத்தை எடுத்து உறைநிலையில் பாதுகாக்கலாம், இதயத்தை நோய்க்கூறியல் துறைக்கு அனுப்பலாம். மாநிலத்தில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மரபணு ஆய்வகம் வேண்டியதில்லை, ஒன்றிரண்டு இருந்தால் போதும், ரத்தக் குப்பிகள் அங்கே பயணம் போகட்டும். கடினமான பகுதி, அறிக்கையை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து தமிழில் பொறுமையாக விளக்கும் ஆள். மரபணு ஆலோசகர்கள் நம்மிடம் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கிறார்கள். அனுபவமுள்ள செவிலியர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி தந்து இந்தப் பணியில் அமர்த்துவதைத்தான் முதல் செலவாகக் கருத வேண்டும், இயந்திரம் அதற்குப் பிறகு.

பணத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று சொல்லலாம். அந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர். ரேஷன் அட்டையின் குடும்பம் அது. மரபணுவின் குடும்பமோ வேறு வீடுகளுக்கும் வேறு ஊர்களுக்கும் பரவிக் கிடப்பது. இருபத்தாறு வயதில் இறந்த தம்பியின் அட்டையில், கட்டிக்கொடுத்துப் போன அக்காவின் பெயர் இருக்காது. அவருடைய இரண்டு பிள்ளைகளின் பெயரும் இருக்காது. பிழை அந்த மூவரிடமும் இருக்க வாய்ப்புண்டு. இறந்தவரின் அட்டை எண்ணிலேயே அவருடைய ரத்த உறவினர்களின் எக்கோவுக்கும் மரபணுச் சோதனைக்கும் பணம் தரலாம் என்று திட்ட விதிகளில் ஒரு வரி சேர்க்க அரசாணை ஒன்று போதும். வரும் நிதிநிலை அறிக்கைக்குக் காத்திருக்காமல், மக்கள் நல்வாழ்வுத் துறை அதை இப்போதே வெளியிடலாம்.